உர மூட்டை ஏற்றினால் அடங்கிவிடும் அதிர்வு

கேள்வி:

ஐயா, நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். சுற்றுவட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் உரம் போடும் வேலையைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் வைத்துச் செய்கிறேன். என்னிடம் இருப்பது நான்கு கதவு டீசல் பிக்கப். சாதாரணமாகப் பின்சக்கரங்கள்தாம் தள்ளும். தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும். நெடுஞ்சாலையில் வேகம் 95-ஐத் தொட்டதும் இருக்கைக்கு அடியில் நடுக்கம் தொடங்குகிறது, கூடவே ஓர் இரைச்சலும் வருகிறது. ஸ்டீயரிங் ஆடவில்லை. 110-க்குப் பக்கம் போனால் சற்றுக் குறைவது போல் தெரிகிறது. போன தீபாவளிக்கு முன்பு நான்கு டயரையும் மாற்றினேன். மூட்டை ஏற்றினால் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடுகிறது என்பதால் அதே மாதத்தில் ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடுதலாகப் போட்டேன். டயர் மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. இரண்டு கடைகளில் பலமுறை பேலன்சிங் செய்தாகிவிட்டது. அலைன்மென்ட் பார்த்தார்கள். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருக்கிறது. உரம் ஏற்றிப் போகும்போது மட்டும் தெரிவதில்லை. பாரம் அழுத்திப் பிடிப்பதால் இருக்கலாம். அம்மாவைச் சிகிச்சைக்காக ஈப்போவுக்கு இதே வண்டியில்தான் அழைத்துப் போகிறேன். பயந்து பயந்து ஓட்டுகிறேன். இனி எதை மாற்றுவது?

பதில்:

தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒரு வெள்ளி கூடச் செலவழிக்க வேண்டாம். நீங்கள் தேடும் விடை உங்கள் கடிதத்திலேயே பாதிக்கு மேல் இருக்கிறது. உரம் ஏற்றினால் நடுக்கம் தெரிவதில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அதற்கு நீங்களே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டீர்கள். கடைக்காரர்களிடம் இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவராவது டயரை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருப்பார்.

ஒரே மாதத்தில் வண்டியில் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. டயர் புதிதாகக் கண்ணில் படுவதால் பழி அதன்மேல் விழுந்துவிட்டது. பட்டை போட்டது மறந்துபோயிற்று. என் சந்தேகமெல்லாம் பட்டையின் மேலும், அதனால் கோணம் மாறிப்போன புரொப்பெல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் குழாய்) மேலும்தான். ஆனால் கடிதத்தைப் படித்துவிட்டு எந்த மெக்கானிக்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆகவே என் சந்தேகம் சரியா, தவறா என்பதை நீங்களே சோதித்து அறியும் வழியை எழுதுகிறேன்.

அதற்கு முன் அம்மாவின் பயணம். சோதனை முடியும்வரை அவரை வேறு காரில் அழைத்துப் போங்கள். இந்த வண்டியில்தான் போயாக வேண்டும் என்றால் நெடுஞ்சாலைக்கு ஏறாமல் பழைய சாலையிலேயே நிதானமாகப் போங்கள். நடுக்கம் எல்லாமே ஆபத்தானது இல்லை. ஆனால் டயரின் உள்ளே கம்பி அடுக்கு பிரிந்திருந்தாலோ, ஷாஃப்டை மடங்கிச் சுற்றவிடும் இணைப்பான குரோஸ் ஜாயிண்ட் தேய்ந்து கழலும் நிலையில் இருந்தாலோ, இரண்டுமே தொடக்கத்தில் இப்படித்தான் காட்டும். ஓடும் வண்டியில் ஷாஃப்டின் முன்முனை கழன்று சாலையில் ஊன்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பு இருந்ததைவிட நடுக்கம் திடீரென்று கூடினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி நிறுத்துங்கள். பட்டறை வரை ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். அதிர்வைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டியது எது பழுது என்பதல்ல. எது எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் டயர் அளவை நீங்கள் எழுதவில்லை. இத்தகைய பிக்கப்களில் பரவலாக இருக்கும் 265/65 ஆர் 17 என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றும். பின் அச்சின் பல்சக்கர விகிதம் 4-க்குப் பக்கத்தில் இருந்தால், அதே வேகத்தில் ஷாஃப்ட் விநாடிக்கு 46, 47 முறை சுற்றும். இந்த வித்தியாசம் உடம்புக்கு நன்றாகவே தெரியும். சக்கரத்தில் கோளாறு என்றால் வண்டி குலுங்கும். ஒவ்வொரு குலுக்கலையும் கிட்டத்தட்டப் பிரித்து உணரலாம். முன்சக்கரம் என்றால் ஸ்டீயரிங் இடமும் வலமும் ஆடும். ஷாஃப்ட் என்றால் குலுக்கல் இருக்காது. உள்ளங்காலிலும் இருக்கையிலும் பொடிப்பொடியான ரீங்காரமாக ஏறும். காதுக்கு ஓர் இரைச்சலாகக் கேட்கும். நீங்கள் எழுதியிருக்கும் வார்த்தைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: நடுக்கம், இரைச்சல், இருக்கைக்கு அடியில், ஸ்டீயரிங் ஆடவில்லை.

கைபேசியில் அதிர்வை அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கூட வருபவரிடம் கொடுத்து, கைபேசியை முன் இருக்கைகளுக்கு நடுவே தரையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். 100-இல் சீராக ஓட்டும்போது வரைபடத்தின் உச்சி 12-க்குப் பக்கத்தில் நின்றால் சக்கரம், 46-க்கோ அதன் இரட்டிப்பான 92-க்கோ பக்கத்தில் நின்றால் ஷாஃப்ட். நீங்கள் ஓட்டிக்கொண்டே கைபேசியைப் பார்க்காதீர்கள்.

பயணச் சோதனையை மெனோரா சுரங்கப்பாதைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஏற்றமும் இறக்கமும் வளைவுமாக இருக்கிறது, வேக வரம்பும் குறைவு. ஈப்போவைத் தாண்டித் தெற்கே போனால் நேரான பகுதிகள் கிடைக்கும். போக்குவரத்து குறைந்த காலை நேரமாகப் பாருங்கள். நடுக்கம் நன்றாகத் தெரியும் வேகத்துக்கு வந்ததும், வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் கீழே இறக்குங்கள். இன்ஜின் சுற்று கூடும், சாலை வேகம் அப்படியே இருக்கும். நடுக்கம் மாறாமல் இருந்தால் இன்ஜினும் கிளட்சும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன. அடுத்து, பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, இன்ஜினை அணைக்காமல் சில விநாடிகள் மட்டும் நியூட்ரலில் உருளவிடுங்கள். நியூட்ரலிலும் நடுக்கம் அப்படியே இருந்தால் சுற்றும் பொருளின் எடையோ வட்டமோ சரியில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடி, காலை எடுத்ததும் குறைந்தால் ஜாயிண்ட், கோணம், பேரிங் ஆகியவற்றின் பக்கம் சந்தேகம் திரும்பும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் அது வேறு கதை. உங்களுக்கு அப்படி இல்லை.

டயரை நான் முற்றிலும் விடுவித்துவிடவில்லை. பேலன்சிங் எந்திரம் எடையைத்தான் பார்க்கும். எடை சரியாக இருந்தும் வட்டம் சரியில்லாத டயர் இருக்கலாம்; எந்திரம் பூஜ்யம் காட்டும், சாலையில் வண்டி குதிக்கும். இதைப் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. சமதளத்தில் ஜாக்கி வைத்து, தாங்குகட்டை கொடுத்து, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஒரு செங்கல்லின் மேல் சுண்ணாம்புக் கட்டியை அசையாமல் வைத்து, அதன் முனை டயரின் ஓடுபரப்பைத் தொடாமல் தொடும் தூரத்தில் நிறுத்துங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். டயர் வட்டமாக இருந்தால் சுற்று முழுவதும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும். ஓரிடத்தில் சுண்ணாம்பைத் தொட்டு, எதிர்ப்பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் விலகினால் அந்த டயரையோ ரிம்மையோ சந்தேகிக்க வேண்டியதுதான். ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. சுற்றும்போதே பக்கச்சுவரில் எங்காவது வீக்கம் தெரிகிறதா என்றும் பாருங்கள். வீக்கம் இருந்தால் அந்த டயரை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

தோட்டத்து வண்டிகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. மழையில் செம்மண் சாலையில் இறங்கி ஏறினால் ரிம்மின் உள்பக்கத்தில் சேறு அப்பிக் காய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடைக்காரர் அந்த மண்ணோடு சேர்த்தே பேலன்சிங் செய்து ஈயம் ஒட்டி அனுப்புவார். இரண்டு நாளில் மண் பெயர்ந்து விழும், பேலன்சிங் கெட்டுப்போகும். ஆகவே கழுவும்போது தண்ணீரை ரிம்மின் உள்பக்கமாகவும் அடியுங்கள். ஷாஃப்டின் மேல் அப்பிய மண்ணையும் சேர்த்துக் கழுவுங்கள். விநாடிக்கு 46 முறை சுற்றும் குழாயின் ஒரு பக்கத்தில் ஒட்டிய சிறு மண்கட்டியும் பொருட்படுத்த வேண்டியதே. டயரோடு ரிம்மையும் மாற்றியிருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வெளிச்சந்தை ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், நட்டு முடுக்கும்போது சக்கரம் மயிரிழை தள்ளி உட்கார வாய்ப்புண்டு. சக்கரத்தை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, எதிரெதிர் நட்டுகளாகச் சிறிது சிறிதாக முடுக்குவதே முறை.

முன் டயர் இரண்டையும் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் இருக்கையிலிருந்து ஸ்டீயரிங்குக்கு இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். நான் எழுதியதில் மீதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. இடம் மாறாமல் அதே போல் இருந்தால் தொடருங்கள். அப்படித்தான் ஆகும் என்று எதிர்பார்க்கிறேன்.

நான்கு கதவு பிக்கப் நீளமான வண்டி. அதனால் பெரும்பாலும் ஷாஃப்ட் ஒரே குழாயாக இல்லாமல் இரண்டு துண்டாக இருக்கும். முன்துண்டு கியர்பாக்ஸிலிருந்து வந்து, சேஸிஸில் தொங்கும் சென்டர் பேரிங்கில் உட்காரும். பின்துண்டு அங்கிருந்து சரிந்து இறங்கிப் பின் அச்சைப் போய்ச் சேரும். சேரும் இடங்களில் குரோஸ் ஜாயிண்ட்கள் இருக்கும். குரோஸ் ஜாயிண்டுக்கு ஓர் இயல்பு உண்டு. நேர்கோட்டில் இருந்தால் உள்ளே வரும் சுற்று அப்படியே வெளியே போகும். மடங்கி இருந்தால் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். மடங்கும் கோணம் கூடக்கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். மறுமுனையில் உள்ள ஜாயிண்ட் அதே அளவு மடங்கி, இரண்டு முனைகளிலும் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் கவைகளும் ஒரே வரிசையில் இருந்தால், முன்னது செய்த கோணலைப் பின்னது நேராக்கிவிடும். ஆனாலும் நடுவில் இருக்கும் குழாய் வேகம் கூடியும் குறைந்தும்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு கோணமும் சமமாக இருந்தால் மட்டும் போதாது, சிறியதாகவும் இருக்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் வண்டிக்கு 3 பாகைக்குள் இருப்பது நல்லது. இரண்டு முனைகளுக்கும் இடையே 1 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இப்போது உங்கள் பட்டைக்கு வாருங்கள். இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டதும், காலியாக இருக்கும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டுவிட்டது. சேஸிஸ் மேலே போயிற்று, அச்சு கீழேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பின்துண்டு முன்பைவிடச் செங்குத்தாகச் சரிகிறது. உர மூட்டை ஏறியதும் சேஸிஸ் இறங்குகிறது, ஷாஃப்ட் பழைய கோணத்துக்குத் திரும்புகிறது, நடுக்கம் போய்விடுகிறது. பாரம் அதிர்வை அழுத்திப் பிடிப்பதாக நீங்கள் நினைத்தது இதைத்தான். அறுபதில் ஏன் தெரிவதில்லை என்று கேட்பீர்கள். இத்தகைய விசை வேகத்தின் இருபடியாக ஏறும். 60-இலிருந்து 100-க்குப் போனால் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிறது. 110-க்குப் பக்கம் சற்றுக் குறைவதும் இதற்கு முரண் இல்லை. வண்டியின் உடலுக்கும் ரப்பர் தாங்கிகளுக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு; ஷாஃப்டின் துடிப்பு அதோடு ஒத்துப்போகும் வேகத்தில்தான் அதிகம் தெரியும்.

இதை மூட்டையாலேயே சோதிக்கலாம். முதல் ஓட்டம் காலியாக. பிறகு 50 கிலோ மூட்டை ஐந்தைப் பின் அச்சுக்கு நேர்மேலே அடுக்கி, அசையாமல் கட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு பத்து மூட்டை. டயர் காற்றை மூன்று ஓட்டத்துக்கும் மாற்ற வேண்டாம். மூட்டை கூடக்கூட இரைச்சல் படிப்படியாக அடங்கினால் கோணத்தின் மேல் உள்ள சந்தேகம் மிக வலுவாகிவிடும். பாரம் ஏறும்போது டயரின் குலுக்கலும் ஓரளவு மறையும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கைபேசி காட்டிய எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

அதன் பிறகு குழி உள்ள பட்டறைக்குப் போங்கள். குழி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேஸிஸைப் பிடித்துத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்டில் ஏற்றினால் பின் அச்சு கீழே தொங்கிவிடும். அந்த நிலையில் அளக்கும் கோணம் எதற்கும் உதவாது. சக்கரம் நான்கும் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். அதே காரணத்தால், ஜாக்கியில் தூக்கி வைத்து இன்ஜினை ஓட்டி 100 வரை கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கோணமும் தவறாக இருக்கும், உயிருக்கும் ஆபத்து.

குழியில் இறங்கியதும், அளப்பதற்கு முன் கையால் பார்க்க வேண்டியவை உண்டு. வண்டி உருளாமல் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒவ்வொரு ஜாயிண்டின் இரு பக்கத்தையும் இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். பிறகு மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். நல்ல ஜாயிண்டில் ஆட்டமே இருக்காது. மூடிகளின் ஓரத்தில் துரு நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் உலர்ந்து அரைபடுகின்றன என்று பொருள். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கும் வண்டிகளில் இது சீக்கிரமே வரும். கிரீஸ் நிப்பிள் இருந்தும் ஆண்டுக்கணக்கில் அதைத் தொடாத வண்டிகளே நம் ஊரில் அதிகம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்து ஷாஃப்ட் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஷாஃப்ட் குழாயில் ஒடுக்கு இருக்கிறதா, பற்றவைத்த பேலன்ஸ் தகடு பெயர்ந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை போட்டவர்கள் ஷாஃப்டைக் கழற்றியிருந்தால் கவைகள் வரிசை மாறிப் பூட்டப்பட்டிருக்கவும் கூடும். இனி யார் கழற்றினாலும், கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்டால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போடாமல் கழற்றத் தொடங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

எண் காட்டும் கோணமானி விலை குறைந்ததுதான். பட்டறையில் இல்லாவிட்டால் கைபேசிச் செயலியே போதும். கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்டின் முன்துண்டு, பின்துண்டு, பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முகம் என நான்கு இடங்களில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அந்தந்த ஜாயிண்டின் கோணம். காலியாக ஒருமுறை, பத்து மூட்டையோடு ஒருமுறை. காலி வண்டியில் பின் ஜாயிண்ட்கள் 3 பாகையை நன்றாகத் தாண்டியிருந்து, மூட்டையோடு உள்ளே வந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தேய்ந்த ஜாயிண்ட் இருந்தால் அதை முதலில் மாற்றத்தான் வேண்டும். கோணத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துப் பினியனைத் திருப்பலாம். சென்டர் பேரிங்கை வாஷர் தகடு கொடுத்துச் சற்று இறக்கலாம். அல்லது கூடுதல் பட்டையை எடுத்துவிடலாம். முதல் இரண்டையும் அளவெடுக்காமல் செய்தால் ஒரு முனையைச் சரிசெய்து மறுமுனையைக் கெடுத்துவிடும். என்னைக் கேட்டால் பட்டையை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வண்டி உட்காராமல் இருக்க வேண்டுமானால், காலியில் தொடாமல் பாரம் ஏறியபின் மட்டும் வேலை செய்யும் துணைப் பட்டையைக் கீழே போடலாம். காலி வண்டியின் உயரம் மாறாது, கோணமும் மாறாது. எதைச் செய்தாலும் பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்களைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. பட்டை கூட்டியதால் வண்டியின் தாங்கும் திறன் கூடவில்லை. அச்சு, பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழையவைதான். இத்தகைய பிக்கப்கள் ஆட்களையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன் தாங்கும்படி செய்யப்பட்டவை. உங்கள் வண்டியின் சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும். வண்டி உட்காராததால் பாரம் குறைவு என்று தோன்றும். தோட்டத்துச் சாலையில் அப்படி ஏற்றிப் பழகிவிட்டு, நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டி வந்தால் உங்களோடு வரும் ஆட்களும் சேர்ந்துதான் விலை கொடுப்பார்கள். வண்டியின் உயரத்தையும் சஸ்பென்ஷனையும் மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளும் இருக்கின்றன.

அலைன்மென்ட் பற்றி ஒரே வரி: அது தவறினால் டயர் ஒருபக்கம் தேயும், வண்டி ஒருபக்கம் இழுக்கும், இப்படி இருக்கைக்கு அடியில் ரீங்காரம் வராது. ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்த பணம் வீண் என்று வருந்த வேண்டாம், அது எப்படியும் தேயும் பொருள்தான்.

பட்டறைக்குப் போகும்போது “நடுங்குகிறது, பாருங்கள்” என்று சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். “95-இல் தொடங்குகிறது, கியர் மாற்றினாலும் மாறவில்லை, டயர் மாற்றிப் போட்டும் இடம் மாறவில்லை, பத்து மூட்டை ஏற்றினால் போய்விடுகிறது” என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதைப் படித்தபிறகும் மறுபடி பேலன்சிங் எந்திரத்தின் பக்கம் போகிறவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம். ஈப்போவில் ஷாஃப்ட் வேலை மட்டும் செய்யும் பட்டறை எது என்று லாரி வைத்திருப்பவர்களிடம் விசாரியுங்கள்; இரண்டு துண்டையும் சேர்த்துப் பேலன்சிங் செய்து தருகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போங்கள். நான்கு இடத்துக் கோண அளவுகளையும், பின் பட்டையைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தையும் எனக்கு அனுப்பினால், ஆப்பு தேவையா, எந்தப் பக்கம் தடித்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.